ஹாட் ராட்: கூரையை வெட்டலாமா?

வணக்கம் சார்,

ஸ்கேல் மாடல்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் போன மாதம் ஊருக்கு வந்தபோது 1/25 அளவில் (நிஜத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு) ஒரு 1932 ஃபோர்டு கூப் கிட் வாங்கி வந்தான், பாகங்களை நாமே ஒட்டிச் சேர்க்கும் பெட்டி. ஐந்து ஜன்னல் வைத்த வண்டி. மட்கார்டுகளை விட்டுவிட்டு, கூரையை வெட்டித் தாழ்த்தி, செவ்ரொலே வி8 இன்ஜின் வைத்து, மூக்கில் தீ ஜுவாலை வரைந்து ஒரு ஹாட் ராட், அதாவது வேகத்துக்காக வெட்டி மாற்றிய பழைய கார், செய்ய ஆசை. போர் விமான மாடல்கள் செய்யும் நண்பர் ஒருவர், "பெட்டியில் இருக்கிறபடி செய்தால்தான் மாடல், இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டினால் பொம்மை" என்கிறார். இன்னொருவர், "ஹாட் ராடுக்கு விதியே கிடையாது, தோன்றியதைச் செய்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? கூரையை எப்படி வெட்டுவது? குரோம் பாகங்கள் எவர்சில்வர் பாத்திரம் மாதிரி பளபளக்கின்றனவே, என்ன செய்வது? இந்த மழைக்காலத்தில் பெயிண்ட் அடிக்கலாமா?

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். விமானக்காரர் சொல்வது விமானத்துக்குச் சரி. குறிப்பிட்ட படைப்பிரிவில், குறிப்பிட்ட ஆண்டில் பறந்த விமானத்தைச் செய்கிறவர் ரிவெட்டை எண்ணித்தான் ஆகவேண்டும். ஆனால் அமெரிக்க கார் கிட்டின் பிறப்பே வேறு.

டெட்ராய்ட் பக்கத்தில் ஏஎம்டி என்றொரு கம்பெனி இருந்தது. கார் டீலர்கள் ஷோரூமில் வைக்கவும் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கவும் அந்தந்த ஆண்டின் புதுக் கார்களைச் சின்னதாகச் செய்து கொடுப்பது அவர்கள் தொழில். 1/25 என்ற அளவு கார் கிட்டுகளுக்கு வந்தது இந்த டீலர் மாதிரிகளின் வழியாகத்தான். 1958-இல் அதே கார்களை உதிரிப் பாகங்களாகப் பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தபோது அவர்கள் சொன்ன கவர்ச்சியே ஒரு பெட்டியில் மூன்று வகை என்பதுதான். கம்பெனியிலிருந்து வந்தபடி செய்யலாம், கஸ்டமாக, அதாவது நம் ரசனைக்கு மாற்றிச் செய்யலாம், ரேஸ் வண்டியாகச் செய்யலாம். அடுத்த ஆண்டு 1932 ஃபோர்டு ரோட்ஸ்டரும் (நிலையான கூரை இல்லாத திறந்த கார்) இதே மாதிரி வந்தது. ஒரு காரைத்தான் கட்ட முடியும் என்பதால் மீதிப் பாகங்கள் ஒரு டப்பாவில் சேரும், அப்புறம் அடுத்த காருக்குப் போகும். அறுபதுகளின் அமெரிக்கப் பையன்கள் இந்த டப்பாவை வைத்துத்தான் வளர்ந்தார்கள். ஆகவே நீங்கள் வெட்டி ஒட்டினால் பெட்டிக்குத் துரோகம் ஒன்றும் இல்லை. உங்கள் நண்பர் கேட்கும் 'பெட்டியில் இருக்கிறபடி' என்பதே மூன்று விதம்!

இதன் உச்சம் எட் ராத் என்ற அமெரிக்க கஸ்டம் கார்க்காரர். அவர் செய்த 'பீட்னிக் பேண்டிட்' என்ற வண்டிக்குக் கூரை ஒரு தெளிவான பிளாஸ்டிக் குமிழி. ஸ்டியரிங் சக்கரம் கிடையாது, ஒரே ஒரு குச்சியைப் பிடித்து ஓட்டும் ஏற்பாடு. ரெவெல் கம்பெனி அதைக் கிட்டாக வெளியிட்டது, 1968-இல் முதன்முதலாக வந்த 16 ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களிலும் அது ஒன்று. இன்றைக்கு நம்மூர்க் கடைகளில் அட்டையில் தொங்கும் ஹாட் வீல்ஸைப் பார்த்து, இப்படியெல்லாம் கார் உண்டா என்று சிரிக்கிறோம். உண்டு. அந்தக் குமிழி வண்டிக்கு அடியில் இருந்தது அசல் ஓல்ட்ஸ்மொபைல் சேஸிஸும் இன்ஜினும்.

இந்த இடத்தில்தான் உங்கள் இரண்டாவது நண்பரோடு எனக்குச் சண்டை. விதி இல்லை என்பது படம் மட்டும் பார்த்தவர்கள் பேச்சு. ஹாட் ராடில் வெட்டப்பட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

தெற்குக் கலிஃபோர்னியாவில் முராக், எல் மிராஜ் என்று வறண்ட ஏரிப் படுகைகள். தரை தட்டையாக, பல மைல் நீளத்துக்குக் கிடக்கும். (முராக் இப்போது எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம்.) முப்பதுகளில் பையன்கள் பழைய ஃபோர்டுகளை அங்கே கொண்டுபோய் விரட்டினார்கள். 1937-இல் பல கிளப்புகள் சேர்ந்து நேரம் கணிக்க ஒரு சங்கமே வைத்தார்கள். கையில் காசு கிடையாது, காயலான்கடையில் கிடைத்ததுதான் சரக்கு. மட்கார்டைக் கழற்றியது எடை குறைய. கூரையை வெட்டியது காற்றை எதிர்க்கும் பரப்பு குறைய. பின் டயரைப் பெரிதாகப் போட்டது அதே இன்ஜின் சுற்றுக்கு வண்டி இன்னும் வேகமாகப் போக. மூக்கு தாழ்ந்து பின்பக்கம் தூக்கி நிற்கும் அந்தக் கம்பீரம், ஸ்டைலாக ஆனதெல்லாம் அப்புறம்தான்.

1932 ஃபோர்டுக்கு இத்தனை மவுசு ஏன்? சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையில் வந்த முதல் வி8 அதுதான். 221 கன அங்குலம், 65 குதிரைசக்தி. வி8 வைத்த ரோட்ஸ்டரின் விலை 460 டாலர். பத்து வருடம் கழித்து அது பழைய வண்டிகளோடு வரிசையில் நின்றபோது மாணவன்கூட வாங்க முடிந்தது.

அதனால் கத்தியை எடுக்கும் முன் ஒரு வருஷத்தை முடிவு செய்யுங்கள். உங்கள் வண்டியை ஒருவன் எந்த ஆண்டில் கட்டி முடித்தான்? அந்த ஆண்டுக்குப் பின்னால் வந்த ஒரு பாகமும் அதில் இருக்கக்கூடாது. எனக்குத் தெரிந்து இந்த வேலையில் உள்ள ஒரே விதி இதுதான், ஆனால் கறாரான விதி. 1948 என்றால் ஃபோர்டின் பழைய தட்டைத்தலை வி8, அதன் மேல் இரண்டு ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர், இரும்பு வீல், மெல்லிய டயர், உடம்பில் பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) மட்டும் இருந்தாலும் தவறில்லை. அந்த வண்டியின் பின்னால் 1950 பான்டியாக்கின் வட்ட விளக்குகளை ஒட்டினால் கதை கெட்டது. அவ்வளவு அழகான விளக்குகள் அவை, எல்லோரும் ஒட்டுகிறார்கள்! ஆனால் 1948-இல் அவை பிறக்கவே இல்லை. பெரிய பெரிய அலுமினிய வீல்கள், வழவழவென்று ஒரே நிறத்தில் உடம்பு என்றால் அது எண்பதுகளுக்குப் பிந்தைய ரசனை. தனிப்பட்ட முறையில் எனக்கு அந்தக் காலம் ஒட்டாது. வண்டியில் மனிதக் கை பட்டது தெரியாமலே போய்விடுகிறது.

உங்கள் பட்டியலே வருஷத்தைச் சொல்லிவிடுகிறது. செவ்ரொலேயின் அந்தச் சின்ன வி8 வந்தது 1955 மாடல் கார்களில், 265 கன அங்குலத்தில். எடை குறைவு, சக்தி அதிகம். நாலைந்து வருடத்துக்குள் ஃபோர்டின் பழைய இன்ஜினை ஹாட் ராடுகளிலிருந்து துரத்த ஆரம்பித்துவிட்டது. தீ ஜுவாலை பெயிண்டும் ஐம்பதுகளின் பழக்கம்தான். ஆக உங்கள் வண்டி 1958. அகலமான வெள்ளைப் பட்டை போட்ட டயர் எடுங்கள். பான்டியாக் விளக்கும் இப்போது தாராளமாக வைக்கலாம்.

செவ்ரொலே இன்ஜின் உங்கள் பெட்டியில் இல்லாவிட்டால் வேறு கிட்டிலிருந்து வரவேண்டும். வந்ததும் ஒரு சிக்கல். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டர், பழைய ஃபோர்டில் இன்ஜினின் முன் முகத்தில் இருக்கும். செவ்ரொலேயில் அது பின்கோடியில் இருப்பதால், இன்ஜினை உட்காரவைத்தால் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவரில் இடிக்கும். நிறைய பேர் இந்த இடத்தில் டிஸ்ட்ரிப்யூட்டரையே விட்டுவிடுகிறார்கள், அல்லது பாதியாக நறுக்கி ஒட்டுகிறார்கள். வேண்டாம். நிஜ வண்டியிலும் இதே இடம் இடித்தது, அவர்கள் சுவரை வெட்டி உள்பக்கமாகக் குழித்தார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். பிளாஸ்டிக் ஷீட்டில் மூன்று பக்கம் வைத்து ஒரு சின்னப் பெட்டி செய்து பின்னால் ஒட்டினால் போதும். பார்க்கிறவருக்கு அந்தக் குழி ஒன்றே சொல்லிவிடும், இதைச் செய்தவருக்கு வண்டி தெரியும் என்று.

பிளக் வயர் போடுவீர்கள் என்று நினைக்கிறேன். நிஜ வயர் சுமார் 7 மி.மீ. தடிமன், 25-ஆல் வகுத்தால் 0.3 மி.மீ.க்குக் கொஞ்சம் கீழே. மோட்டார் காயில் கட்டும் கடையில் 30 கேஜ் செப்புக் கம்பி கேளுங்கள், ஒரு முழம் சும்மாவே கொடுப்பார்கள். கறுப்பு அடித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு நாலு, டிஸ்ட்ரிப்யூட்டரின் நடுவிலிருந்து இக்னிஷன் காயிலுக்கு ஒன்று. ஒன்பதுக்கு எட்டு வைத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

இனி கூரை. முதலில் சீட்டையும் ஸ்டியரிங்கையும் ஒட்டாமல் உள்ளே வைத்துப் பாருங்கள். ஆறடி ஆள் 1/25-இல் ஏறக்குறைய 7.3 செ.மீ. அவன் உட்கார்ந்தால் தலை எங்கே வரும்? மூன்று அங்குலம் வெட்டுவது அளவான வெட்டு. நம் கணக்கில் அது வெறும் 3 மி.மீ. கையில் ரம்பம் இருக்கும்போது 3 மி.மீ. ஒன்றுமே இல்லாததுபோலத் தோன்றும், இன்னும் கொஞ்சம் என்று கை இழுக்கும். அங்கேயே நிறுத்துங்கள்.

மாஸ்கிங் டேப்பைச் சரியாக 3 மி.மீ. அகலத்துக்கு நறுக்கி எல்லாத் தூண்களையும் ஒரே மட்டத்தில் சுற்றி ஒட்டுங்கள். டேப்பின் மேல் விளிம்பில் ஒரு வெட்டு, கீழ் விளிம்பில் ஒரு வெட்டு. மெல்லிய பல் ரம்பம்தான் வேண்டும், சூடு காட்டிய பிளேடு வேண்டாம். கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளியே வெட்டி, மீதியை உப்புத்தாளில் தேய்த்துக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

கூரையை இறக்கி வைத்ததும், முன் தூண் பொருந்தினால் பின்பக்கம் பொருந்தாது. உங்கள் தவறு இல்லை. உடம்பு மேலே போகப்போகக் குறுகுகிறது, ஆகவே மேல் வெட்டின் சுற்றளவு கீழ் வெட்டைவிடச் சின்னது. டிங்கரிங் பட்டறையில் இதற்கு இரண்டு வழி. ஒன்று, முன் தூண்களைக் கொஞ்சம் பின்னால் சாய்ப்பது. மற்றது, கூரையையே குறுக்கே இரண்டாக வெட்டி நடுவில் ஒரு பட்டை சேர்த்து நீட்டுவது. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் தூண்களைச் சாய்த்தே சமாளிக்கலாம். ஃபெவிகுயிக் இங்கே வேண்டாம். பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் மாடல் பசைதான் தூணைத் தூணோடு ஒன்றாக்கும். தூணுக்குள் மெல்லிய துளை போட்டு ஒரு கம்பித் துண்டு செருகினால் இன்னும் நல்லது. இரண்டு நாள் தொடாதீர்கள், அப்புறம் பட்டி. கிட்டில் உள்ள கண்ணாடிகள் இனி பொருந்தாது, தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டிக்கொள்ளுங்கள். அங்கேயும் ஃபெவிகுயிக் ஆகாது, அதன் ஆவி கண்ணாடியை வெள்ளையாக மங்கவைத்துவிடும்.

குரோமுக்கு வழி சுலபம். வீட்டில் இருக்கும் பிளீச்சில் ஊறப்போட்டால் மேலே உள்ள அலுமினியப் பூச்சு கரைந்துவிடும். கழிவறை கழுவும் ஆசிட்டோடு மட்டும் அதைச் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு வரும். எல்லாவற்றையும் கழற்றவும் வேண்டாம். 1958-இல் குரோம் செலவு பிடித்த சமாச்சாரம். ஹெட்லைட், இன்ஜினின் வால்வ் கவர், வீல் மூடி இவற்றில் விட்டுவையுங்கள். ஆக்ஸிலுக்கும் மற்றதுக்கும் பெயிண்ட் போதும்.

சென்னை ஐப்பசியில் லாக்கர் ஸ்பிரே வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுக்கும், கறுப்பு பெயிண்ட் பால்போல வெளுத்துவிடும். இப்போது வெட்டும் வேலையையும் பட்டி வேலையையும் முடியுங்கள், தை பிறந்ததும் அடிக்கலாம். அதற்கு முன் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள், அச்சு எண்ணெய் போகட்டும். பிரைமர் இல்லாமல் லாக்கரை நேரே பிளாஸ்டிக்கில் அடித்தால் அது மேற்பரப்பைத் தின்றுவிடும்.

தீ ஜுவாலைக்கு நிஜ வண்டியில் செய்வதற்குத் தலைகீழாகப் போங்கள். வெள்ளைப் பிரைமரின் மேல் மூக்கு முழுக்க மஞ்சள். ஜுவாலையின் நுனிகள் வரும் இடத்தில் சிவப்பு. அதன்மேல் ஜுவாலை வடிவில் வெட்டிய டேப். கடைசியாக எல்லாவற்றின் மேலும் கறுப்பு. கறுப்பின் மேல் மஞ்சளை அடித்தால் நாலைந்து கோட் வேண்டும், விளிம்பு தடித்து நிற்கும். ஜுவாலை கதவின் பாதியைத் தாண்ட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கறுப்பு முழுதாகக் காய்வதற்குள், டேப்பைப் பின்பக்கமாக மடித்து மெதுவாக உரித்துவிடுங்கள்.