மானைச் சுற்றி ஏன் கடல் தெரிகிறது?

கேள்வி: அண்ணா, பாடசாலைக் கலைவிழா மேடையின் பின்திரைக்காக, திரையில் பெட்டிகளைக் கம்பியால் இணைத்து நிரல் எழுதும் பியூர் டேட்டா மென்பொருளில், படம் வரையும் ஜெம் தொகுப்பைக் கொண்டு எங்கள் கோட்டைக் காட்சியைச் செய்கிறேன். பின்னால் கடல், நடுவில் ஆலமரம், முன்னால் புள்ளிமான். மூன்றும், வரையச் சொல்லிக் கட்டளை அனுப்பும் ஒரே ஜெம்ஹெட் பெட்டியில்தான் மாட்டியிருக்கின்றன. முந்தாநாள் மரத்தின் கம்பியைக் கழற்றி மறுபடி மாட்டினேன். அதிலிருந்து மானைச் சுற்றிச் சதுரமாக மரம் வெட்டுப்பட்டு, அந்த இடத்தில் கடல் தெரிகிறது. பெட்டிகளை இடம் மாற்றிப் பார்த்தும் சரிவரவில்லை. இன்னொன்று: பாட்டு நடக்கும்போதே மான் மரத்துக்குப் பின்னால் போக வேண்டும். முடியுமா?
வாசகி, உப்புவெளி

பதில்: கம்பியைக் கழற்றி மாட்டியதை மறக்காமல் எழுதியது நல்லதாய்ப் போயிற்று, தங்கச்சி. கோளாறு அங்கேதான்.

பியூர் டேட்டாவில் ஒரே வாயிலிருந்து பல கம்பிகள் போனால், முதலில் மாட்டிய கம்பிதான் முதலில் வேலை செய்யும். பெட்டி எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை. மரத்தின் கம்பியைப் புதிதாக மாட்டியதும் அது கடைசிக்குப் போய்விட்டது. கடல், மான், அப்புறம்தான் மரம்.

ஜெம் திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் ஆழத்தைக் குறித்து வைக்கிறது. கிட்டே ஒன்று வந்துவிட்ட புள்ளியில், பிறகு வரும் தூரத்துப் பொருளை வரையாது. உங்கள் மானோ ஒரு சதுரத்தில் ஒட்டிய படம். கொம்புக்கும் காதுக்கும் நடுவே உள்ள வெற்றிடம் நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அங்கேயும் ‘கிட்டே ஒன்று இருக்கிறது’ என்று பதிவாகிவிடுகிறது. பிறகு வந்த மரம் அந்தச் சதுரத்துக்குள் நுழைய முடியவில்லை. முன்பே வரைந்த கடல் அப்படியே நின்றுவிட்டது. ஒரு திருவிழாவுக்கு விளக்குச்சுடர் செய்தபோது எனக்கும் இதே சதுரம் வந்தது. படத்தில்தான் பிழை என்று நினைத்து இரண்டு இரவு அதையே திருத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் படத்தைத் தொடவே வேண்டாம்.

கம்பிகளை வரிசையாக மாட்டினாலும் சரியாகும்தான், ஆனால் அந்த வரிசை கண்ணுக்குத் தெரியாது. விழாவுக்கு முதல்நாள் யாராவது ஒரு கம்பியைத் தொட்டால் போச்சு. மூன்றுக்கும் தனித்தனி ஜெம்ஹெட் வைத்து எண் கொடுங்கள்: கடலுக்கு 20, மரத்துக்கு 40, மானுக்கு 60. சிறிய எண் முதலில் வரையப்படும். எண் போடாவிட்டால் எல்லாமே 50. இடையில் இடம் விட்டிருப்பது நல்லது. மார்கழி மழைபோல மெல்லிய திரை ஒன்று எல்லாவற்றுக்கும் முன்னால் வேண்டுமென்றால் 90 என்று சேர்த்துவிடலாம்.

ஒரே ஜெம்ஹெட்தான் வேண்டுமென்றால் அதன் கீழே, கட்டளையைக் கிளைகளுக்கு வரிசையாகப் பிரித்து அனுப்பும் ட்ரிகர் பெட்டி ஒன்றை வையுங்கள். அது வலப்பக்கத்திலிருந்து வேலை செய்யும். ஆகவே கடல் வலக்கோடியில், மான் இடக்கோடியில். ஒவ்வொரு கிளையின் தலையிலும், அதன் மாற்றங்கள் மற்றக் கிளையைத் தொடாமல் பிரிக்கும் செப்பரேட்டர் பெட்டி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மரத்தை நகர்த்தும்போது மானும் கூடவே நகரும்.

மானைப் பின்னால் அனுப்புவதும் முடியும். அதற்குத் தனி ஜெம்ஹெட் கட்டாயம். மானின் ஜெம்ஹெட்டுக்கு ‘செட் 30’ என்ற செய்தியை அனுப்பினால், மரத்துக்கு முன்பே மான் வரையப்படும். அது மட்டும் போதாது. ஆழக் கணக்கில் மான் இன்னும் கிட்டத்தில்தான் நிற்கும், மரம் மறுபடி வெட்டுப்படும். ஆகவே மானின் இசட் அளவையும் (ஆழத்தைக் குறிக்கும் எண்; குறைந்தால் தூரம்) மரத்தினதைவிடக் குறைக்க வேண்டும். மரம் 0 என்றால் மான் 1இலிருந்து −1க்குப் போகட்டும். இரண்டு செய்தியையும் ஒரே பொத்தானில் கட்டிவிடுங்கள்.