மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்த இளம் பிரிட்டிஷ் நடிகர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? ஏன்?

டாம் ஹாலண்ட். ஆமாம், ஸ்பைடர்மேன் பையன்தான். ஆனால் எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் அந்தச் சிவப்பு உடுப்பு இல்லை, அவருடைய கால்கள்.

1996இல் பிறந்தவர். விம்பிள்டனில் ஹிப்ஹாப் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த பையன், 'பில்லி எலியட்' இசை நாடகத்துக்கு ஆள் தேடியவர்கள் கண்ணில் பட்டார். 1984-85இல் பிரிட்டனில் நடந்த நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தின் நடுவில், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு பாலே ஆடும் ஆசை வருகிற கதை. இசை எல்டன் ஜான். பில்லி வேடம் லேசுப்பட்டதில்லை. பாலே, காலணியால் தரையைத் தட்டி ஆடும் டாப் நடனம், குட்டிக்கரணம், பாட்டு எல்லாம் ஒரே பையன் தலையில். வாரம் முழுக்க ஒருவனால் தாங்க முடியாது என்பதால் பல சிறுவர்கள் முறை வைத்து நடிப்பார்கள். ஹாலண்ட் 2008இல் லண்டன் விக்டோரியா பேலஸ் தியேட்டரில் முதலில் பில்லியின் நண்பன் மைக்கேலாக வந்தார். சில மாதங்களில் பில்லியானார். 2010 வரை அங்கேதான்.

அந்த நாடகத்தில் கோபத்தில் ஆடும் ஒரு நடனம் உண்டு. போலீஸ்காரர்கள் கேடயங்களை வரிசையாகப் பிடித்து நிற்க, பையன் அதில் போய் மோதி மோதி ஆடுவான். வசனம் தேவையே இல்லை. 'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்' படத்தில் இடிபாட்டுக்கடியில் பீட்டர் (அதுதான் ஸ்பைடர்மேனின் நிஜப் பெயர்) மாட்டிக்கொள்ளும் காட்சியை இதோடு வைத்துப் பாருங்கள். முதலில் சின்னப் பையன் போலக் கதறுகிறான், மூச்சு வாங்குகிறது, அப்புறம் முதுகைக் கொடுத்து கான்கிரீட்டைத் தூக்குகிறான். பயம் முகத்துக்கு வருவதற்கு முன்பே தோளுக்கு வந்துவிடுகிறது. இது கிராபிக்ஸ் கொடுக்கிற விஷயம் இல்லை, மேடையில் தேய்ந்த உடம்பு கொடுப்பது.

நடுவில் சறுக்கல்களும் இருந்தன. 'செர்ரி'யில் ராணுவ வீரன், போதை அடிமை என்று உயிரைக் கொடுத்து நடித்தார். படம்தான் நிற்கவில்லை. 'அன்சார்ட்டட்' வசூல் பார்த்தது, அவ்வளவுதான்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது 2024. சம்பளத்துக்கும் புகழுக்கும் குறைவில்லாத நேரத்தில், ஜேமி லாயிட் இயக்கிய 'ரோமியோ ஜூலியட்'டுக்காக லண்டன் மேடைக்குத் திரும்பினார். லாயிட் நாடகங்களில் அலங்காரம் மிகக் குறைவு. இதிலும் மைக், நேரடி கேமரா, பெரும்பாலும் அடக்கி வாசிக்கும் பேச்சு. குட்டிக்கரணத்தில் பெயர் வாங்கியவரை அசையாமல் நிற்க வைத்து, முணுமுணுப்பில் ஷேக்ஸ்பியர் பேசச் சொல்வது துணிச்சல்தான். எனக்கு லண்டன் டிக்கெட் கட்டுப்படியாகாது, விமர்சனங்களைப் படித்ததோடு சரி. ஜூலியட்டாக நடித்த கறுப்பின நடிகை பிரான்செஸ்கா அமெவுடா-ரிவர்ஸை, நாடகம் தொடங்கும் முன்பே இணையத்தில் நிறத்தைச் சொல்லி வசைபாடினார்கள். கேவலம்.

சரி, எங்கே தொடங்கலாம் என்றால் 'தி இம்பாசிபிள்' (2012). 2004 சுனாமியில் தாய்லாந்தில் சிக்கிய குடும்பத்தின் கதை. உண்மையில் அது ஸ்பானியக் குடும்பம், படத்தில் பிரிட்டிஷ் ஆக்கிவிட்டார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அம்மா நவோமி வாட்ஸ் படுக்கையில் கிடக்க, மூத்த மகனாக ஹாலண்ட் ஆஸ்பத்திரி முழுக்க ஓடி, மற்றவர்களின் சொந்தக்காரர்கள் பெயரைக் கூவித் தேடும் இடம் படத்தைத் தூக்கி நிறுத்துகிறது. அந்த டிசம்பரை நம் கடற்கரையில் பார்த்தவர் வீட்டில் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அலை வரும் காட்சி மிக நீளம்.