தீவில் கூடாரம்: அல்கொன்குயின் கேள்வி பதில்

ரொறொன்ரோவிலிருந்து காரில் மூன்று மணி நேரம் போனால் அல்கொன்குயின் காட்டுப் பூங்கா. அங்கே கனூவில் (துடுப்புப் படகில்) போய்த் தீவில் தங்குவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். பல கோடைகளாகப் போய்வருகிறவன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, அங்கே ஓப்பியாங்கோ ஏரியில் ஒரு தீவைப் பார்த்து வைத்திருக்கிறோம். அதையே பதிவு செய்யலாமா? நாங்கள் 11 பேர்.

முடியாது தம்பி. பதிவு ஏரிக்குத்தான், இடத்துக்கு இல்லை. கரையில் ஆரஞ்சுப் பலகை அடித்த மரம் தெரிந்து, இடமும் காலியாக இருந்தால் இறங்கலாம். பலகை இல்லாத இடத்தில் தங்கக் கூடாது. தீவுகள்தான் முதலில் பறிபோகும். மதியம் 2 மணிக்குள் ஏரிக்கு வந்துவிடுங்கள். ஓர் இடத்துக்கு 9 பேர்தான் என்பதால் உங்களுக்கு இரண்டு இடம் வேண்டும். அடுத்தடுத்து இரண்டு தீவு கிடைப்பது கஷ்டம்.

பிள்ளைகளோடு போகிறோம். தீவில் கரடி வராதுதானே?

வரும் அக்கா. கரடி நன்றாக நீந்தும். 1991 அக்டோபரில் ஒரு கருங்கரடி இருவரைக் கொன்றது இதே ஓப்பியாங்கோவின் பேட்ஸ் தீவில்தான். அப்படித் தாக்குவது மிக மிக அரிது. ஆனால் "தீவுதானே" என்று சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைத்துத் தூங்குகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். சாப்பாடு, பற்பசை, பிள்ளைகளின் மிட்டாய் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில், அடிமரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளித் தொங்கவிடுங்கள். சின்னத் தீவில் அதற்கேற்ற கிளையே இருக்காது. அதனால் சாமானை இறக்கும் முன்பே மரங்களைப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலான இரவுகளில் திருட வருவது என்னவோ எலிதான்!

தீவின் எந்தப் பக்கம் நல்லது?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும், மதியத்துக்கு மேல் வலுக்கும். ஜூனில் கொசுவும் கருப்பு ஈயும் பிய்த்து எடுக்கும். அப்போது காற்று அடிக்கிற பாறை முனைதான் சொர்க்கம். செப்டம்பரில் அதே முனையில் இரவெல்லாம் கூடாரம் படபடக்கும், தூங்க முடியாது. அப்போது கிழக்குப் பக்கம் போங்கள். காற்று மறையும், காலை வெயிலும் கிடைக்கும்.

தீவின் அழகைப் பார்த்து, மறுநாள் எப்படித் திரும்புவது என்பதை மறந்துவிடுகிறோம். ஒருமுறை ஏரி நடுவில் ஒரு தீவைப் பிடித்தோம். மறுநாள் காலை 9 மணிக்கே அலைகளில் வெள்ளை நுரை, கனூவை இறக்க முடியவில்லை. அன்று முழுக்க அங்கேயே உட்கார்ந்து, மிச்சமிருந்த அவலைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு நான் தேடுவது கரைக்குப் பக்கத்துத் தீவுகளைத்தான். பிள்ளைகள் இருந்தால் உங்களுக்கும் அதுவே சரி. பெரிய ஏரியில் விடியும்போதே புறப்பட்டுவிடுங்கள். ஒருநாள் சாப்பாடு கூடுதலாக இருக்கட்டும்.

விறகு?

சின்னத் தீவுகளில் முன்னால் வந்தவர்கள் பொறுக்கி முடித்திருப்பார்கள். போகிற வழியில் தீவுக்கு வெளியே, ஏரியின் பெருங்கரையில் இறங்கி, விழுந்து காய்ந்த கொப்புகளைச் சேர்த்துக் கனூவில் போட்டுக்கொள்ளுங்கள். நிற்கிற மரத்தை வெட்டாதீர்கள்.

கூடார முளை பாறையில் இறங்குமா?

இறங்காது. முளை இல்லாமல் தானே நிற்கிற கூடாரமாகப் பாருங்கள். கயிறுகளைக் கல்லில் கட்டலாம். கூடாரம் போடும் முன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். பட்டுப்போன மரமோ, முறிந்து தொங்கும் கிளையோ இருந்தால் அங்கே வேண்டாம்.

கழிவறை?

காட்டுக்குள் கொஞ்சம் தள்ளி மூடி போட்ட மரப்பெட்டி ஒன்று இருக்கும். சுவர், கூரை கிடையாது. பழகிவிடும்.

டின் மீன் கொண்டுபோகலாமா?

இப்படிக் கனூவில் போய்த் தங்குகிற உள்காட்டுக்குள் டின்னும் கண்ணாடிப் போத்தலும் தடை. வீட்டிலேயே சமைத்து, மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு முதல் நாளே சாப்பிட்டு முடியுங்கள். டப்பாவைக் கழுவினாலும் வாசனை போகாது. அதுவும் அந்தத் தொங்கும் பைக்குள்தான்.