தாரிகங்கா: மங்கோலியப் புல்வெளியில் ஒரு நிர்வாக வட்டம் (கேள்வி பதில்)

தாரிகங்கா எங்கே இருக்கிறது? கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் புல்தானா?

மங்கோலியாவின் தென்கிழக்கில், சுக்பாதர் மாகாணத்தில், சீன எல்லையை ஒட்டி இருக்கிறது. மரமில்லாத புல்வெளிதான். ஆனால் தட்டையான நிலம் அல்ல. அணைந்துபோன எரிமலைகள் 200க்கும் மேல் இந்தப் பீடபூமியில் பரவிக் கிடக்கின்றன. அவற்றில் புகழ்பெற்ற ஷீலின் போக்தின் உயரம் 1,778 மீட்டர். கங்கா ஏரிக்கு இலையுதிர்காலத்தில் அன்னங்கள் வந்து கூடும்.

நிர்வாக அடுக்கு எப்படி?

நாட்டில் 21 மாகாணங்கள் (அய்மக்), அவற்றுக்குக் கீழே சுமார் 330 வட்டங்கள் (சும்), அதற்கும் கீழே பாக். தாரிகங்கா ஒரு சும். பாக் என்றதும் ஒரு கிராமத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கூடாரத்தோடு இடம்பெயரும் குடும்பங்களின் தொகுதி அது. அதன் கூட்டத்தில் வயதுவந்த யாரும் கலந்துகொள்ளலாம். சும் தலைவரை அந்த வட்டத்தின் மக்கள் பிரதிநிதிகள் மன்றம் முன்மொழிகிறது. மாகாண ஆளுநர் நியமிக்கிறார்.

மேய்ப்பருக்கு நிலப் பட்டா உண்டா?

மேய்ச்சல் நிலத்துக்குக் கிடையாது. அது தனியார் சொத்தாக முடியாது என்று 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பே சொல்கிறது. குளிர்காலத்திலும் வசந்தகாலத்திலும் தங்கும் பட்டி இருக்கும் இடத்துக்கு மட்டும் அனுபவ உரிமைச் சான்று வாங்கலாம். கோடையிலும் இலையுதிர்காலத்திலும் புல் எல்லோருக்கும் பொது.

சும் நிர்வாகத்தின் உயிர்நாடியே இந்தப் பொதுப் புல்லை முறைப்படுத்துவதுதான் என்பேன். சோஷலிசக் காலத்தில் யார் எப்போது எங்கே மேய்ப்பது என்பதைக் கூட்டுறவு அமைப்புகள் திட்டமிட்டன. 1990களின் தொடக்கத்தில் அவை கலைந்தபோது மந்தைகள் குடும்பங்களின் கைக்கு வந்தன, புல்லை முறைப்படுத்தும் பொறுப்போ சும் தலைவரின் தலையில் விழுந்தது. அதற்கேற்ற பணமும் ஆட்களும் வரவில்லை. கடும்பனியில் கால்நடைகள் கூட்டங்கூட்டமாகச் சாகும் பேரிடரை அங்கே ஜுட் என்கிறார்கள். அப்போது மேய்ப்பர்கள் வட்ட எல்லையைத் தாண்டி வெகுதொலைவு போவார்கள். அதற்கு இரு வட்டத் தலைவர்களும் உடன்பட வேண்டும். தன் மக்களின் புல்லை அயலாருக்கு விட்டுக்கொடுப்பது எளிதா? 2009–10 குளிர்காலத்தில் நாடு முழுவதும் ஏறத்தாழ ஒரு கோடி கால்நடைகள் மடிந்தன. வரைபடத்தில் போட்ட கோட்டைப் பார்த்துப் பனி நிற்பதில்லை. ஆகவே எல்லை தாண்டும் மேய்ச்சலுக்கான உடன்படிக்கைகளைப் பேரிடர் வருமுன்பே எழுதி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்?

சும் மையத்தில் உள்ள பள்ளியில். மேய்ப்பர் பிள்ளைகளுக்கு அங்கேயே விடுதி உண்டு. மருத்துவமனையும் அரசு அலுவலகமும் அந்தச் சிற்றூரில்தான். ஆண்டுதோறும் டிசம்பரில் எடுக்கும் கால்நடைக் கணக்கும் அங்கேதான் வந்து சேரும்.

போய்ப் பார்க்க முடியுமா?

தாராளமாக. உலான்பாத்தரிலிருந்து மாகாணத் தலைநகர் பாரூன்-உர்ட் சுமார் 560 கிலோமீட்டர். அங்கிருந்து தெற்கே போக வேண்டும். ஷீலின் போக்த் எல்லைப் பகுதியில் இருப்பதால் முன்னரே அனுமதி வாங்கிவிடுங்கள். தாரிகங்கா ஊரை ஒட்டிய அல்தான் ஒவோ புனித மலை. அதன் உச்சிக்குப் பெண்கள் ஏறுவது வழக்கமில்லை.