நெருப்பே இல்லாத மின்நிலையத்தில் கரியமில வாயு எப்படி?

வணக்கம் அண்ணே. பூமிக்கடியிலிருந்து ஆழ்கிணறு வழியாக வெந்நீரை எடுத்து, அதன் நீராவியால் மின்சாரம் தயாரிக்கும் புவிவெப்ப மின்நிலையத்தில் எதுவும் எரிவதில்லை, அதனால் கரியமில வாயுவே வராது என்று படிவம் ஆறு படிக்கும் உங்கள் மகள் எழுதி மதிப்பெண் போனதாகச் சொன்னீர்கள். பிள்ளை யோசித்தது நியாயம்தான். ஆனால் அந்த வாயு நிலையத்தில் உண்டாவதில்லை. பூமிக்கடியில் மாக்மா என்ற உருகிய பாறைக் குழம்பிலிருந்தும் சூடான சுண்ணாம்புப் பாறையிலிருந்தும் வந்து, அழுத்தத்தில் வெந்நீரில் கரைந்து கிடக்கிறது. கிணற்றில் நீர் மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து கொதிக்கும். வாயுவில் பெரும்பகுதி நீராவிக்குப் போய்விடும், சோடா மூடியைத் திறந்த மாதிரி.

நானும் சுங்கை சிப்புட்காரன்தான். சுண்ணாம்பு மலைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் கெட்டில் அடியில் வெள்ளையாக ஒட்டுமே, அதை மகளிடம் காட்டுங்கள். வாயு வெளியேறியதும் நீரின் அமிலத்தன்மை குறைந்து கால்சியம் கார்பனேட் படிகிறது. கெட்டிலைச் சுரண்டிவிடலாம். மின்நிலையக் கிணற்றிலோ நீர் கொதிக்கத் தொடங்கும் ஆழத்தில் குழாய் குறுகி உற்பத்தியே விழுந்துவிடும். அதனால் அந்த ஆழத்துக்கும் கீழே மெல்லிய குழாயை இறக்கி, படிவைத் தடுக்கும் மருந்து விடுகிறார்கள்.

அப்புறம், நீராவியால் சுழலும் டர்பைனைத் தாண்டியதும் நீராவி குளிர்ந்து நீராகும், இந்த வாயு ஆகாது. வெளியே இழுக்காவிட்டால் டர்பைனின் திறன் குறையும். துருக்கியின் கிசில்தெரேயில் அதைப் பிடித்து விற்கிறார்கள். ஐஸ்லாந்தில் நீரில் கரைத்து பசால்ட் என்ற எரிமலைப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். 2012இல் செலுத்தியதில் 95 விழுக்காட்டுக்கு மேல் இரண்டே ஆண்டில் கல்லாகிவிட்டது.

“வராது” என்பதை “நிலக்கரியைவிடப் பொதுவாக மிகக் குறைவு” என்று திருத்தி எழுதச் சொல்லுங்கள்.