அப்பாவின் பயொப்சி: களுவாஞ்சிக்குடித் தங்கச்சிக்கு

தங்கச்சி, 67 வயது அப்பாவுக்கு, சலப்பைக்குக் கீழே இருக்கிற புரஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ இரத்தச் சோதனையில் 9, ஊசியால் துண்டெடுத்துச் சோதிக்கிற பயொப்சிக்குச் சொல்லியிருக்கிறாங்க, ஊசி குத்தினால் புற்றுநோய் பரவும் என்று சொந்தக்காரர் தடுக்கிறாங்க என்று எழுதியிருக்கிறீங்க. அந்தப் பயத்தை விடுங்க. புரஸ்டேட்டில் அப்படிப் பரவுவது மிக மிக அரிது. அந்தப் பயத்தில் நாளைக் கடத்துறதுதான் எனக்குக் கவலை.

ஆனா ஒண்டு கேளுங்க: அப்பாவுக்குக் கிட்டடியில் சலக்கிருமி இருந்ததா, சலத்துக்குக் குழாய் போட்டதா? ரெண்டும் பிஎஸ்ஏயைக் கூட்டும். அப்படியென்றால் சில கிழமை விட்டுத் திரும்பச் சோதிக்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்க.

எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்க வழியிருந்தால் பயொப்சிக்கு முதலே எடுக்கிறது நல்லம். பிறகென்றால் உள்ளே கசிந்த இரத்தம் சில கிழமைக்குப் படத்தைக் குழப்பும். சந்தேகமான இடம் தெரிந்தால் அதைக் குறிவைத்தே ஊசி போடலாம். படம் சுத்தமாக இருந்தாலும் புற்றுநோய் இல்லை என்று முழுசா சொல்லேலாது. உறுதி தருவது பயொப்சிதான்.

வழமையாக அல்ட்ராசவுண்ட் பார்த்து 10–12 துண்டு எடுப்பாங்க. மலவாசல் வழியா, விதைப்பைக்குப் பின்னால் தோல் வழியா என்று ரெண்டு முறை இருக்கு. தோல் வழியில் கிருமித்தொற்று குறைவு. அஸ்பிரின், வோபரின் போல இரத்தம் உறையாமல் இருக்கக் குடுக்கிற மருந்து குடிக்கிறாரென்றால் முதலே சொல்லுங்க, நீங்களாக நிறுத்த வேணாம். விந்தில் சில கிழமை இரத்தம் தெரியும், பயப்படாதீங்க. காய்ச்சல், நடுக்கம், சலம் அடைப்பு வந்தால் இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.