கலங்கல் கடலில் ஒன்பது பேர்: 32 மீட்டர் ஆழத்துக்கு இறங்கலாமா?

கேள்வி: நான் திருவொற்றியூரில் வசிக்கிறேன், வயது 34. நண்பர்கள் ஒன்பது பேர் சேர்ந்து, எண்ணூருக்குக் கிழக்கே மூழ்கிக் கிடக்கும் ஒரு பழைய இரும்புக் கப்பலைப் பார்க்க டைவிங் போவதாக இருக்கிறோம். ஆழம் 32 மீட்டர் என்கிறார்கள். ஏற்பாட்டாளர் பாதிப் பணம் வாங்கிவிட்டார். "தண்ணி இப்ப கலங்கலாத்தான் இருக்கு, ரெண்டு மூணு மீட்டர்தான் கண்ணு தெரியும். ஆனா கூட்டமா போறோம், கயிறு இருக்கு, பயமில்லை. அடியில 25 நிமிஷம் இருக்கலாம்" என்கிறார். என்னிடம் அட்வான்ஸ்டு சான்று இருக்கிறது, 14 டைவ் செய்திருக்கிறேன். தம்பிக்கு இப்போதுதான் ஓபன் வாட்டர் என்கிற முதல்நிலைப் பயிற்சி முடிந்தது. இரண்டு நண்பர்கள் பெங்களூரிலிருந்து வந்து அன்று மாலையே பஸ்ஸில் திரும்புகிறார்கள். என் கவலை ஒன்றுதான்: அடியில் தம்பியைத் தவறவிட்டால் என்ன செய்வது?

பதில்: ஒரு நிமிடம் தேடுங்கள். கிடைக்காவிட்டால் நிதானமாக மேலே ஏறுங்கள். தம்பியும் அதையே செய்ய வேண்டும், மேலே வந்து சந்திக்க வேண்டும். பயிற்சியில் எல்லோருக்கும் சொல்லித்தருவது இதுதான், உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள்.

இதோடு நான் நிறுத்திக்கொண்டால் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். கிளம்பாதீர்கள். இந்தப் பயணம் இப்போது இருக்கிற மாதிரி வேண்டாம். தம்பி இந்த இடத்துக்கு வரவே கூடாது.

ஓபன் வாட்டர் சான்று 18 மீட்டர் வரைதான். உங்கள் அட்வான்ஸ்டு சான்று 30 வரை. அதற்குக் கீழே 40 வரை போக ஆழ்கடல் டைவிங்குக்கென்று தனிப் பயிற்சி வேண்டும். ஆக, 32 மீட்டர் என்றால் உங்களுக்கே இரண்டு மீட்டர் அதிகம், தம்பிக்குப் பதினான்கு. இதைப் பணம் வாங்கிய முதல் நாளே ஏற்பாட்டாளர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால், அவர் உங்கள் சான்றைப் பார்க்கவே இல்லை என்று பொருள்.

அடுத்தது அந்தக் "கூட்டமா போறோம்". இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிறு கலங்கும். இரண்டு மீட்டருக்கு மேல் கண் தெரியாத தண்ணீரில் கூட்டம் என்று ஒன்று கிடையாது. உங்கள் கைக்கு எட்டுகிற ஒரு ஆள் இருக்கிறார், அவ்வளவுதான். மீதி ஏழு பேரும் உங்களுக்கு இல்லாதவர்கள். இல்லாதவர்களாக இருந்தாலாவது பரவாயில்லை, அடிச்சேற்றைக் காலில் மாட்டிய துடுப்பால் கிளப்பி, இருக்கிற இரண்டு மீட்டரையும் இல்லாமல் செய்கிறவர்கள் அவர்கள்தான்.

சில வருடங்களுக்கு முன் இதே வட கடலில், வேறொருவர் ஏற்பாடு செய்த பயணத்தில் நாங்கள் ஏழு பேர் இறங்கினோம். மேலே வெயில். பன்னிரண்டு மீட்டரில் பச்சை, இருபதில் பழுப்பு, இருபத்தாறில் கறுப்பு. கையில் கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டரை முகக்கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தால்தான் எண் தெரிந்தது. முன்னால் போனவரின் துடுப்பு என் கண்ணாடியில் மோதித் தண்ணீர் உள்ளே வந்தது. அதை ஊதி வெளியேற்றிவிட்டுக் கண் திறந்தால் எதிரில் யாரும் இல்லை. நங்கூரக் கயிற்றைக் கையால் தடவிப் பிடித்தேன். அதில் ஒட்டியிருந்த கொட்டலசு, கூரான ஓட்டுயிர், கையுறையைக் கிழித்து விரலை அறுத்தது. அந்த வலிதான் கயிறு கையில் இருக்கிறது என்பதற்கு எனக்கிருந்த ஒரே சாட்சி. மேலே வந்து எண்ணினால் ஐந்து பேர். மீதி இருவர் நீரோட்டத்தில் வெகு தூரம் தள்ளிப் போய்த் தலைதூக்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவரிடம் ஆரஞ்சு மிதவை இருந்ததால்தான் படகோட்டி அண்ணன் கண்ணில் பட்டது. காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் பெரிய கப்பல்கள் வந்துபோகிற தடம் அது. மிதவை இல்லாமல் அங்கே தலைதூக்குகிற ஆளை எந்த மாலுமியும் பார்க்கப்போவதில்லை. காலையிலேயே அந்த அண்ணன், "சார், வன்னித் தண்ணி ஓடுது, கலக்கல் ஜாஸ்தி, இன்னிக்கு வேணாம்" என்று சொல்லியிருந்தார். வன்னி என்பது மீனவர்கள் ஒரு நீரோட்டத்துக்குச் சொல்லும் பெயர். ஏற்பாட்டாளர் அதை எங்கள் காதில் போடவே இல்லை.

இப்போது காற்றுக் கணக்கு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இதில்தான் உங்கள் தம்பியின் உயிர் இருக்கிறது.

வாடகைக்குக் கிடைக்கும் சாதாரண அலுமினிய சிலிண்டர் 11 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் அடைத்தால் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று. பதற்றமில்லாத ஆள் மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வைப்போம். 30 மீட்டரில் அழுத்தம் நாலு மடங்கு, அதனால் 80 லிட்டர் போகும். இதுவரை எல்லா ஏற்பாட்டாளருக்கும் தெரியும். "50 பார் மிச்சம் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்" என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள்.

தம்பியின் ரெகுலேட்டர், அதாவது சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி, அடியில் கெட்டுப்போகிறது என்று வையுங்கள். இருவரும் உங்கள் சிலிண்டரில் மூச்சு விட வேண்டும். பயந்தவர் 20 லிட்டரில் நிற்க மாட்டார், ஆளுக்கு 30 ஆவது ஆகும். அடியில் ஒருவரையொருவர் பிடித்து நிதானத்துக்கு வர ஒரு நிமிடம்: 240 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் மேலே ஏற: 500. ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க: 270. மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் லிட்டர், அதாவது ஏறத்தாழ 90 பார். கலங்கலில் கயிற்றைத் தேட இன்னும் ஒரு நிமிடம் ஆனால் அதோடு 240 லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, கயிற்றைவிட்டு நகரும்போதே பாதிச் சிலிண்டர் உங்களுடையது அல்ல. அது உங்கள் கூட்டாளிக்கான காற்று. 50 பாரோடு கிளம்பினால் இரண்டு பேரில் ஒருவர்தான் மேலே வருவார். மீதி இருக்கிற பாதியில் அடியில் உங்களுக்குக் கிடைப்பது, இறங்கும் நேரத்தையும் சேர்த்துப் பதின்மூன்று நிமிடம்.

காற்றை விடுங்கள், நைட்ரஜன் கணக்குப் பார்த்தாலும் அதேதான். ஆழத்தில் மூச்சிழுக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் கரைந்து சேரும், அதனால் அடியில் தங்கும் நேரத்துக்கு வரம்பு உண்டு. பொழுதுபோக்கு டைவிங்குக்குப் பலரும் பயன்படுத்தும் PADI அமைப்பின் அட்டவணையில் 30 மீட்டருக்கு 20 நிமிடம், 35 மீட்டருக்கு 14 நிமிடம். 32 என்றால் 35-க்கான வரிசையைத்தான் பார்க்க வேண்டும். "அடியில் 25 நிமிடம்" என்று சொன்னவர் எந்த அட்டவணையைப் பார்த்தார்? அந்த ஆழத்தில் நைட்ரஜன் மயக்கமும் சேரும். இருட்டும் பயமும் அதைக் கூட்டும். மேலே சுலபமாகத் தோன்றும் கழித்தல் கணக்கு அங்கே வராது.

கலங்கல் என்றால் இறங்கவே கூடாதா என்று கேட்பீர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. இதைத்தான் எல்லா ஏற்பாட்டாளரும் தங்களுக்குச் சாதகமாகத் திரித்துச் சொல்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழையில் கொசஸ்தலையாறும் கூவமும் அடையாறும் கடலில் கொட்டும் நன்னீர், உப்புநீரைவிட எடை குறைந்தது. அது சேற்றோடு மேலே ஓர் அடுக்காக மிதக்கும். சில நாட்களில் அந்த அடுக்கைத் தாண்டினால் அடியில் தெளிந்த தண்ணீர் இருக்கும். "மேலதான் கலங்கல், அடியில கண்ணாடி மாதிரி இருக்கும்" என்கிற பேச்சு இதிலிருந்து பிறந்ததுதான். ஆனால் இதற்கு நேர் எதிரானதும் நடக்கும். அலை பெரிதாக இருந்த மறுநாள் மேலே தெளிவாகவும் அடியில் சேறு கிளம்பியும் கிடக்கும். கரையில் நின்றோ, படகிலிருந்து எட்டிப் பார்த்தோ இந்த இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. நேற்று இறங்கியவர் சொன்னதும் செல்லாது, ஒரு இரவில் நீரோட்டம் திரும்பிவிடும். அன்று காலை, அதே இடத்தில், அனுபவமுள்ள இருவர் முதலில் இறங்கி, ஒருவர் நிற்க மற்றவர் கயிறு பிடித்து விலகிப் போய், எத்தனை மீட்டரில் ஆள் மறைகிறார் என்று அளந்து வந்து சொல்ல வேண்டும். அது ஐந்து மீட்டருக்கு மேல் இருந்தால் யோசிக்கலாம். அப்போதும் மேலடுக்கைக் கடக்கும்போது எல்லோர் கையும் கயிற்றில் இருக்க வேண்டும், திரும்பி வருவதும் அதே கயிற்றில்தான். உங்கள் ஏற்பாட்டாளர் இப்படி யாரையாவது முதலில் இறக்குவாரா என்று கேளுங்கள். "நேரம் இல்லை" என்றால் அந்த விதிவிலக்கு உங்களுக்கு இல்லை.

மூழ்கிய கப்பலுக்குள் நுழைவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: நுழையாதீர்கள். நம் கடலில் மூழ்கிய இரும்பு எதுவானாலும் அதில் அறுந்த வலை மாட்டியிருக்கும். மீனவர்களுக்கு அந்த இடம் தெரிந்ததே வலை சிக்கித்தான். நைலான் வலை கலங்கலில் கண்ணில் படாது, சிலிண்டர் வால்வில் மாட்டும். திமிறினால் இன்னும் இறுகும். வெட்டுக் கருவி இரண்டு வேண்டும், இரு கைக்கும் எட்டுகிற மாதிரி நெஞ்சுப் பக்கம். காலில் கட்டிய கத்தி உதவாது.

இனி அந்த ஏற்பாட்டாளர். அநேகமாக அவரிடம் படகும் இல்லை, சிலிண்டரில் காற்று அடைக்கும் கம்ப்ரஸரும் இல்லை, இன்ஸ்ட்ரக்டரும் இல்லை. வாட்ஸப் குழு ஒன்றுதான் இருக்கும். படகு காசிமேட்டில் ஒருவரிடம், சிலிண்டர் இன்னொருவரிடம், கூட வருகிறவர் அன்றைய கூலிக்கு. ஏதாவது நடந்தால் மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள், கடைசியில் போலீஸ் பிடிப்பது படகோட்டியை. மீன்பிடிக்கப் பதிவான ஃபைபர் படகு பயணிகளை ஏற்றுவதற்கானது அல்ல, உங்களுக்கு அதில் காப்பீடும் இருக்காது. கூட இறங்கும் இன்ஸ்ட்ரக்டரின் பெயரையும் உறுப்பினர் எண்ணையும் கேட்டு வாங்கி, சான்று தந்த அமைப்பின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். சான்றே இல்லாதவர்களை ஒரு மணி நேரம் குளத்தில் காட்டிவிட்டு ஆழத்துக்கு இழுத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட அறிமுக டைவுக்கு வரம்பு 12 மீட்டர். உங்கள் ஒன்பது பேரில் அப்படி யாராவது உண்டா என்று விசாரியுங்கள். இருந்தால் அவர் பயந்து பிடிப்பது உங்கள் ரெகுலேட்டரைத்தான்.

சிலிண்டரை எங்கே அடைக்கிறார்கள் என்றும் பாருங்கள். கம்ப்ரஸர் காற்று இழுக்கும் குழாய் டீசல் புகை வரும் பக்கம் இருந்தால் கார்பன் மோனாக்ஸைடு உள்ளே போகும். அதற்கு வாசனை கிடையாது, ஆழத்தில் அதன் வேகம் பல மடங்கு. வால்வைத் திறந்து வெள்ளைக் கைக்குட்டையில் ஊதவிடுங்கள். எண்ணெய்க் கறையோ புகை நாற்றமோ இருந்தால் அந்த சிலிண்டர் வேண்டாம். கறை இல்லாததை வைத்து மட்டும் நல்ல காற்று என்று நம்பாதீர்கள், குழாய் இருக்கும் இடத்தைக் கண்ணால் பாருங்கள்.

இதையெல்லாம் ஒரு வாசகர் ஏன் தானே விசாரிக்க வேண்டும்? யாராவது ஓர் அதிகாரி பார்க்க வேண்டாமா? வேண்டும். முறையாக அனுமதி வாங்கிப் பயணம் நடத்த நானே அலைந்தேன். ஓர் அலுவலகத்தில் மீன்பிடிப்பு என்றால்தான் எங்களிடம் வர வேண்டும் என்றார்கள், அடுத்ததில் துறைமுக எல்லைக்குள்ளா என்று கேட்டு எழுதித் தரச் சொன்னார்கள், மூன்றாவதில் அந்தக் கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. சாகச சுற்றுலாவுக்கு வழிகாட்டு நெறிகள் காகிதத்தில் இருக்கின்றன. சனிக்கிழமை காலை நாலரை மணிக்குக் காசிமேட்டில் நின்று சிலிண்டரின் சோதனைத் தேதியைப் பார்க்க ஒரு ஆள் இல்லை. ஒழுங்காகச் செய்ய நினைப்பவன் அலைகிறான், வாட்ஸப் குழுக்காரர் வசூல் செய்கிறார். இது மாறும்வரை பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

பெங்களூர் நண்பர்கள் விஷயம் மிக முக்கியம். டைவ் முடித்து விமானம் ஏறக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், பஸ்ஸை யாரும் நினைப்பதில்லை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது, உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி டைவிங் நோய் வரலாம். ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், இரண்டு என்றால் 18 மணி நேரம் சென்னையிலேயே இருக்கட்டும். மூட்டு வலி, கைகால் மரத்துப்போவது, தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறுவது, காரணமில்லாத அசதி, இவற்றில் எது வந்தாலும் அது "தூக்கம் கெட்ட சோர்வு" அல்ல. உடனே சுத்த ஆக்ஸிஜன் கொடுத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். படகில் ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாத பயணத்துக்குப் போகவே போகாதீர்கள். அழுத்த அறை, அதாவது உயர் அழுத்தத்தில் ஆக்ஸிஜன் தரும் அறை, உள்ள மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் செய்து, "ஆறாத புண்ணுக்கு மட்டுமா, டைவிங் நோய்க்கும் சிகிச்சை தருவீர்களா, ராத்திரியில் ஆள் இருப்பார்களா" என்று கேட்டு வையுங்கள். இரண்டும் ஒன்றல்ல. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை எண் 1554, கடலோரப் பாதுகாப்புப் போலீஸ் 1093. இரண்டையும் கரையில் இருக்கும் வீட்டுக்காரர்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஏற்பாட்டாளரிடம் இன்றே எழுத்தில் கேளுங்கள்: ஆழத்தை 18 மீட்டருக்குள் மாற்றுவாரா, இருவர் இருவராக நாலு ஜோடியும், ஒன்பதாவது ஆளை வழிகாட்டியோடு சேர்த்து ஒரு ஜோடியுமாக இறக்குவாரா, ஒரு ஜோடி மேலே வந்தபிறகுதான் அடுத்தது என்று ஒப்புக்கொள்வாரா, ஆளுக்கு ஒரு மிதவையும் டார்ச்சும் தருவாரா. ஒப்புக்கொண்டால் தம்பியும் வரலாம். இல்லை என்றால் கட்டிய பாதிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் விட்டுவிடுங்கள். பணம் போய்விட்டதே என்பதற்காகப் படகில் ஏறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மழைக்காலம் முடிந்து கடல் அடங்கட்டும், பிப்ரவரிக்குப் பிறகு தம்பியோடு பதினைந்து மீட்டரில் பத்து டைவ் போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அவருடைய மாற்று ரெகுலேட்டரைக் கையால் தேடி எடுக்கப் பழகுங்கள். அவரும் உங்களுடையதை எடுக்கப் பழகட்டும்.